வீணை யாருக்கு, சார்?

சின்னசேலத்தில் ஒரு பழைய வீணை விலைக்கு வருகிறது என்ற தகவலை எனக்குச் சொன்னவர், எங்கள் ஆபீஸுக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர். அவருக்கும் சங்கீதத்துக்கும் உள்ள ஒரே சம்பந்தம், சர்க்கரை கலக்கும்போது கிளாஸில் ஸ்பூனால் தாளம் போடுவதுதான்.

"ரிடையர்டு பாட்டு டீச்சரோடதாம் சார். ஒம்பதாயிரம் சொல்றாங்களாம். உங்களுக்குத் தெரிஞ்சவங்க வீட்டுல பொண்ணுங்க யாராச்சும் கத்துக்கறாங்களான்னு பாருங்க."

"எனக்கு வேணும்" என்றேன்.

ஆற்றிக்கொண்டிருந்த டீ ஒரு கணம் அந்தரத்தில் நின்றது.

"யாருக்கு சார்? உங்களுக்குத்தான் இன்னும் கல்யாணமே ஆகலியே!"

அன்றைக்கு ஆரம்பித்தது இந்த 'யாருக்கு?'. அடுத்த இரண்டு மாதத்தில் இந்தக் கேள்வியை நான் எத்தனை பேரிடமிருந்து கேட்டேன் என்று கணக்கு வைத்திருந்தால், எங்கள் ஆபீஸ் தபால் ரிஜிஸ்டரைவிடப் பெரிதாக இருக்கும்.

முதலில் என்னைப் பற்றி. வயது 34. உத்தியோகம், கணக்குப் பிரிவில். கல்யாணம், 'பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்'. ஊர் கச்சிராயபாளையம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே பஸ் பிடித்து, கல்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தால், மலை 'போதும், நில்லு' என்று சொல்கிற இடம்தான் எங்கள் ஊர். பக்கத்திலேயே கோமுகி அணை. அப்புறம் கூட்டுறவு சர்க்கரை ஆலை. அரவை சீசன் வந்துவிட்டால் ஊரே பாகு வாசனை அடிக்கும். கரும்பு டிராக்டர்கள் ராத்திரி பகல் பார்க்காமல் பாட்டுப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும். சங்கீதத்துக்குக் குறைவில்லாத ஊர், சத்தத்தை அப்படிக் கணக்கில் எடுத்துக்கொண்டால்.

எனக்கு ஏன் வீணை? ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு போனைத் தடவிக்கொண்டிருந்தபோது சிட்டிபாபுவின் வாசிப்பு ஒன்று மாட்டியது. அவர் ஒரு தந்தியை ஒரே ஒரு தடவை மீட்டினார். அப்புறம் அதை அப்படியே பக்கவாட்டில் இழுத்தார். சத்தம் வளைந்தது. ஒருத்தர் ஏதோ சொல்ல வந்து, தயங்கி, அப்புறம் சொல்வது மாதிரி இருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை வளையாத நம்பர்களோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அது என்னவோ செய்துவிட்டது.

ஆனால் என் மேல் எனக்கே நம்பிக்கை கிடையாது. காரணம், பழைய ரிக்கார்டு அப்படி. எட்டு வருஷம் முன்னால் ஒரு கிடார் வாங்கினேன். இன்றைக்கு அதில் ஈரத்துண்டு காய்கிறது. அப்புறம் ஒரு கீபோர்டு. அதன் மேல் அம்மா வடகத் தட்டு வைத்திருக்கிறாள். நடுவில் ஒரு புல்லாங்குழல். அதைப் பற்றி வேண்டாம், அடுப்பு ஊத உதவுகிறது.

இந்த லட்சணத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. சீட்டு எடுத்த பணம் பதினெட்டாயிரம் கையில் இருந்தது. அதற்கு அம்மா ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருந்தாள்.

"முட்டி தேஞ்சு போச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாருடா. கீழ குந்தினா எந்திரிக்க முடியல. அந்த சேர் மாதிரி கக்கூஸ் ஒண்ணு வெச்சுக் குடுத்துடு. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

ஒரு பக்கம் வீணை. ஒரு பக்கம் வெஸ்டர்ன் டாய்லெட். இப்படி ஒரு தர்மசங்கடம் எந்தப் புராணத்திலும் கிடையாது.

சரி, பார்த்துவிட்டு வருவதில் என்ன தப்பு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னசேலம் கிளம்பினேன். துணைக்கு ஆபீஸ் நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டேன். (பெயர் வேண்டாம், கோபித்துக்கொள்வார்.) செகண்ட் ஹேண்ட் பைக் வாங்குவதில் எங்கள் ஆபீஸுக்கே அவர்தான் அதாரிட்டி. "பழசு வாங்கறதுன்னா எல்லாம் ஒண்ணுதான் சார். ஓனர் மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவேன்" என்றார்.

டீச்சருக்கு எழுபது வயதிருக்கும். ஒல்லியான உருவம். விரல் கணுக்கள் மட்டும் வீங்கியிருந்தன. உள்ளே கட்டில் மேல் பழைய பட்டுப்புடவையைப் போர்த்திக்கொண்டு ஒரு குழந்தை மாதிரி படுத்திருந்தது வீணை. புடவையை எடுத்தார். முனையில் யாளி முகம், பல்லை இளித்துக்கொண்டு. என் நிலைமை அதற்குத் தெரிந்துவிட்டது போல.

நண்பர் வேலையை ஆரம்பித்தார்.

"எத்தனை ஓனர் டீச்சர்?"

"ஒரே ஓனர்தான் தம்பி. நான்தான்."

'சிங்கிள் ஓனர்' என்று என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

"ஆக்ஸிடென்ட் எதுவும்...?"

"வீடு மாத்தறப்போ ஒரு தடவை சுரைக்காய் இடிபட்டு உடைஞ்சுது. இப்ப இருக்கறது ஃபைபர்."

"பார்ட்ஸ் கிடைக்குமா?"

"தஞ்சாவூர்ல எல்லாம் கிடைக்கும்."

"இந்த வெள்ளை டிசைன் எல்லாம் தந்தமா டீச்சர்?"

"பிளாஸ்டிக். தந்தமா இருந்தா அதை விக்கறதும் வாங்கறதும் குத்தம். நம்ம ரெண்டு பேருமே உள்ள போயிடுவோம்."

நண்பர் கொஞ்சம் தடுமாறினாலும் விடவில்லை. "சரி, எவ்வளவு ஓடியிருக்கும்?"

நான் அவர் தொடையைக் கிள்ளினேன். டீச்சர் சிரிக்கவில்லை.

"அது நல்ல கேள்வி. இப்படி வாங்க, மீட்டர் காட்டறேன்."

வீணையின் தண்டி மேல் இரண்டு பக்கமும் கறுப்பு மெழுகுக் கட்டை. அதன் மேல் 24 மெட்டுகள். இரண்டு ஸ்தாயிக்குமான எல்லா சுரமும் அந்த 24-ல் அடக்கம். 17-ம் நூற்றாண்டில் தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் இந்த அமைப்பு வந்தது என்று சொல்வார்கள்.

"சாரணித் தந்திக்குக் கீழ தடவிப் பாருங்க" என்றார்.

தடவினேன். முதல் மெட்டில் நல்ல பள்ளம். இரண்டிலும் மூன்றிலும் அவ்வளவாக இல்லை. நான்கு, ஐந்து பள்ளம். ஆறு வழவழவென்று இருந்தது. ஏழு, எட்டு பள்ளம். அப்புறம் பதினொன்று, பன்னிரண்டு.

"மாயாமாளவகௌளை" என்றார் டீச்சர். "சரளி வரிசை, ஜண்டை வரிசை எல்லாம் அந்த ராகத்துலதானே சொல்லிக் குடுப்போம்? ஸா திறந்த தந்தி. ரி ஒண்ணாவது மெட்டு. க நாலு, ம அஞ்சு, ப ஏழு, த எட்டு, நி பதினொண்ணு, மேல் ஸா பன்னெண்டு. நாப்பது வருஷம் பிள்ளைங்க ஏறி இறங்கின படி இது. பாதிப் பேர் ஜண்டை வரிசையோட நின்னுடுவாங்க. அதுக்குள்ள பரீட்சை வந்துடும், இல்லாட்டி கல்யாணம் வந்துடும்."

பன்னிரண்டுக்கு மேலே தடவினேன். மெட்டுகள் ஏறக்குறைய புதுசு மாதிரி இருந்தன.

"மேல் ஸ்தாயி தேயவே இல்லையே டீச்சர்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. புடவையை மடித்துக்கொண்டே சொன்னார்: "அது நான் எனக்காக வாசிக்க வேண்டியது. காலையில ஸ்கூல், சாயங்காலம் பிள்ளைங்க, ராத்திரி சமையல். ரிடையர் ஆனதும் வாசிச்சுக்கலாம்னு வெச்சிருந்தேன். ரிடையர் ஆனேன். விரல் மடங்கல."

நண்பருக்கு அதற்கு மேல் கேள்வி எதுவும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். நான் குறை கண்டுபிடித்து விலையைக் குறைக்க வேண்டும், அதுதானே வியாபாரம்? இங்கே டீச்சரே குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

"ஒரு கண்ணை மூடிக்கிட்டு தண்டியை இந்தக் கோடியிலேருந்து பாருங்க, கேரம் போர்டுல குறி பாக்கற மாதிரி. வளைஞ்சிருந்தா வாங்கவே கூடாது. இது வளையல. இப்ப குடத்தைத் தட்டிப் பாருங்க. விரிசல் இருந்தா பானை உடைஞ்ச சத்தம் வரும். இது வராது. ஆனா மெழுகு ரெண்டு இடத்துல வெடிச்சிருக்கு. இந்தப் பிரடை நழுவும், சாக்பீஸ் தடவினா நிக்கும். குதிரை மேல இருக்கே இந்தப் பித்தளைத் தகடு, இதுல தந்தி அறுத்துப் பள்ளம் விழுந்திருக்கு. அதான் கொஞ்சம் இரையுது. தஞ்சாவூர் கொண்டுபோய் ஒரு தடவை மேளம் கட்டணும். மெட்டு எல்லாத்தையும் எடுத்துட்டுப் புது மெழுகுல திருப்பி உட்கார வைப்பாங்க. அதுக்கே மூவாயிரம், நாலாயிரம் ஆகும். அப்புறம் இது ஒட்டு வீணை. ஏகாண்டம்னா குடம், தண்டி எல்லாம் ஒரே மரத்துல குடைஞ்சிருப்பாங்க. அதுக்கு விலை அதிகம். இது அது இல்ல."

"மரம் என்ன டீச்சர்?"

"பலா. பண்ருட்டிப் பலா. தஞ்சாவூர் வீணைக்கு அதான் பேர் போனது."

எனக்குச் சட்டென்று ஒரு சொந்தம் பிறந்துவிட்டது. நான் பிறந்தபோது பண்ருட்டியும் கச்சிராயபாளையமும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். 1993-ல் பிரித்தபோது பண்ருட்டி கடலூர் பக்கம் போனது, நாங்கள் விழுப்புரம் பக்கம் வந்தோம். 2019-ல் எங்களைக் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆக்கினார்கள். ஆக, அந்தப் பலாமரமும் நானும் ஒரு காலத்தில் ஒரே கலெக்டருக்கு மனு கொடுத்தவர்கள்!

இந்தத் தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. புதுசு என்ன விலை என்று கேட்டேன். "முப்பதாயிரத்துக்குக் குறைஞ்சு நல்லது கிடைக்காது" என்றார். ஒன்பதாயிரம் மலிவுதான். பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். அம்மாவின் முட்டி ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"சரி தம்பி, வீணை யாருக்கு?" என்றார் டீச்சர்.

வந்துவிட்டதா! நான் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத்தான் டீச்சர்" என்றேன்.

அவர் ஆச்சரியப்படவே இல்லை. "அதுக்கு ஏன் தலையக் குனியறீங்க? காரைக்குடி சகோதரர்கள் ஆம்பளைங்க. அதுல பெரியவர் வீணையை நிமிர்த்தி வெச்சே வாசிப்பார். எஸ்.பாலசந்தர் யார்கிட்டயும் போகாம தானே கத்துக்கிட்டார். அப்துல் கலாம் வீணை வாசிப்பார். அவங்களையெல்லாம் யாருக்குன்னா கேட்டாங்க?"

பாலசந்தர் பெயரைக் கேட்டதும் நண்பருக்கு உயிர் வந்தது. " 'அந்த நாள்' எடுத்த டைரக்டர்தானே டீச்சர்? 1954. அந்தப் படத்துல ஒரு பாட்டுகூடக் கிடையாதே!"

"அதான் பாருங்க. பாட்டெல்லாம் வீணைக்குன்னு வெச்சுக்கிட்டார்."

அப்புறம் டீச்சர் விஷயத்துக்கு வந்தார். ஜூன் மாதம் அவர் பெங்களூரில் பையன் வீட்டுக்குப் போகிறார். அங்கே கட்டில் போடவே இடமில்லை. வீணையை ஏற்கெனவே ஒருவர் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார், ஒரு ஹோட்டல்காரர். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து லைட் போட வேண்டுமாம். பன்னிரண்டாயிரம் தருகிறேன் என்றாராம்.

"எங்ககிட்ட ஒம்பதுன்னு சொன்னீங்களே டீச்சர்?" என்றார் நண்பர். வாங்க வந்தவன் விலையை ஏற்றுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வாசிக்கறவங்களுக்கு ஒம்பது. வேடிக்கை பாக்கறவங்களுக்குப் பன்னெண்டு."

என்னைப் பார்த்தார். "நீங்க எந்த ரகம்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கே தெரியுமா?"

கிடார், கீபோர்டு, புல்லாங்குழல் மூன்றும் என் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. உண்மையைச் சொல்லிவிட்டேன். துண்டு, வடகம் உட்பட.

டீச்சர் சிரித்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஞாயிறுதோறும் வந்து இந்த வீணையிலேயே கற்றுக்கொள்வது. மற்ற நாட்களில் வீணை இல்லாவிட்டாலும் வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து, வாய்ப்பாட்டாக சரளி வரிசை பாடுவது. செய்த நாளுக்கு டைரியில் ஒரு டிக். செய்யாத நாளுக்கு ஒன்றும் கிடையாது.

"வீணையை இன்னிக்கு நீங்க டெஸ்ட் பண்ணிட்டீங்க. உங்களை நான் ஆறு வாரம் டெஸ்ட் பண்ணிக்கறேன்" என்றார்.

திரும்பும்போது நண்பர் சொன்னார்: "சார், ஓனர் மூஞ்சியப் பாத்து சொல்லிடுவேன்னேன் இல்ல? இந்தம்மா நம்ம மூஞ்சியப் பாத்து சொல்லிட்டாங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மெதுவாக விஷயத்தை அவிழ்த்தேன். பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். பத்துத் தலை ராவணனுக்கே வீணை வாசிக்க நேரம் இருந்தது, எனக்கு இருப்பது ஒரு தலைதானே என்று.

அம்மா கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ஆசையா இருந்தா வாங்கிக்கடா. நான் இன்னும் ஒரு வருஷம் சமாளிச்சுக்கறேன்."

திட்டியிருந்தால் வாங்கியிருப்பேன். 'சமாளிச்சுக்கறேன்' என்றாள் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். 'ரிடையர் ஆனதும் வாசிச்சுக்கலாம்' என்று டீச்சர் சொன்ன அதே குரல். எங்கள் வீட்டிலும் ஒருத்தி மேல் ஸ்தாயியைத் தொடாமலேயே வைத்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த வாரமே கொத்தனார் வந்துவிட்டார். ஒன்பதாயிரத்தில் முடித்துத் தருகிறேன் என்றார். தரையை உடைத்ததும் பழைய பைப் சரியில்லை என்றார். பைப் மாற்றியதும் டைல்ஸ் இல்லாமல் நன்றாக இருக்காது என்றார். கடைசியில் பதினாலாயிரத்து ஐந்நூறில் வந்து நின்றது. சீட்டுப் பணத்தில் மிச்சம் மூவாயிரத்து ஐந்நூறு. வீணைக் கதை முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பாடத்தை மட்டும் விடவில்லை. காசு கேட்காமல் சொல்லிக் கொடுக்கிறார், அதை ஏன் விட வேண்டும்?

வீணை கற்றுக்கொள்வதில் முதல் கஷ்டம் விரலில் இல்லை, காலில். தரையில் சம்மணம் போட்டு, வீணையை மடியில் சாத்தி அரை மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு காலும் செத்துவிடுகின்றன. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்தேன். அம்மா தினமும் பிடிக்கிற மாதிரியே.

அப்புறம் விரல். இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தந்தி மேல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். தேங்காயெண்ணெய் தொட்டுக்கொள்ளச் சொன்னார். முதல் வாரமே இரண்டு விரல் நுனியிலும் கத்தியால் கீறியது போல் கோடு. திங்கட்கிழமை கம்ப்யூட்டரில் 'எஸ்' தட்டினாலே கண்ணில் தண்ணீர் வந்தது. வலது கையிலோ இரண்டு விரல் மீட்ட வேண்டும், சுண்டுவிரல் பக்கத்துத் தாளத் தந்திகளைத் தட்ட வேண்டும். என் சுண்டுவிரலுக்கு அதுவரை இருந்த ஒரே உத்தியோகம் டீ கிளாஸைப் பிடிக்கும்போது விறைத்து நிற்பதுதான்.

ஆனால் நிஜமான கஷ்டம், அந்த அரை மணி நேரம். சொன்னால் சிரிப்பீர்கள். தினமும் இரண்டு மணி நேரம் போனைத் தடவுகிறேன். ஒரு மணி நேரம் டீக்கடையில் உலகத்தைத் திருத்துகிறேன். ஆனால் அரை மணி நேரம் சரளி வரிசை என்று உட்கார்ந்தால் உடனே தூக்கம் வருகிறது, கொட்டாவி வருகிறது, பல வருஷமாகப் பேசாத பெரியப்பாவுக்கு போன் போட வேண்டும் என்ற பாசம்கூட வருகிறது.

ஆறு வாரம் முடிந்தது. டைரியை எண்ணினேன். 42 நாளில் 27 டிக்.

எத்தனை வருஷமாக டி.ஏ. பில் எழுதிப் பழகிய கை இது! போகாத கேம்ப்புக்குப் போனதாக எழுதுகிற சர்வீஸில், விட்டுப்போன பதினைந்து நாளுக்கு டிக் போட எவ்வளவு நேரம் ஆகும்? சனிக்கிழமை ராத்திரி இரண்டு நாளுக்குப் போட்டேவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. எழுந்து ரப்பரால் அழித்தேன். பால்பாயிண்ட் பேனா. அழியவில்லை. காகிதம்தான் தேய்ந்தது.

மறுநாள் டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டைரியைப் புரட்டினார். சரியாக அந்தப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இது என்ன தம்பி, ஓட்டை விழுந்திருக்கு?"

சொன்னேன். காது மடல் சூடானது.

"அப்போ 27-ங்கறது நிஜம்" என்றார். "நாப்பத்திரண்டுக்கு நாப்பத்திரண்டு போட்டுக் கொண்டுவந்திருந்தா ஹோட்டல்காரருக்கு இன்னிக்கே போன் பண்ணியிருப்பேன்."

"ஆனா டீச்சர், என்கிட்ட இப்போ மூவாயிரத்து ஐந்நூறுதான் இருக்கு. மிச்சமெல்லாம்..." என்று டாய்லெட் கதையைச் சொன்னேன். டைல்ஸ் கலர் வரை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"மூவாயிரம் குடுங்க. ஐந்நூறு தந்தி வாங்கவும் பஸ்ஸுக்கும் வெச்சுக்கங்க. பாக்கி ஆறாயிரத்தை மாசம் ஆயிரமா போன்லயே அனுப்பிடுங்க. ஒவ்வொரு தடவையும் பணத்தோட ஒரு வரி எழுதணும், இந்த மாசம் எந்தப் பாடம்னு. எழுதலைன்னா பணத்தைத் திருப்பி அனுப்பிட்டு, வீணையைத் திருப்பிக் கேப்பேன்."

இப்படி ஒரு லோன் எந்த பேங்கிலும் கிடையாது.

கட்டிக் கொடுப்பதற்கு முன்னால், "ஒரு நிமிஷம்" என்று வீணையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வீங்கின விரலை ஒன்றுக்கு இரண்டு தடவை நீவிவிட்டுக்கொண்டு, பன்னிரண்டாவது மெட்டுக்கு மேலே வைத்தார். நடுநடுவே விரல் நின்றது. மறுபடி போனது. எனக்கு என்ன ராகம் என்று தெரியவில்லை. மாயாமாளவகௌளை இல்லை என்பது மட்டும் தெரிந்தது. ஐந்து நிமிஷம் இருக்கும். அப்புறம் தந்திகளை உள்ளங்கையால் அமுக்கி நிறுத்திவிட்டு, "எடுத்துக்கிட்டுப் போங்க. மேலயும் கொஞ்சம் தேய்ங்க" என்றார்.

பெட்ஷீட்டில் சுற்றிய வீணையோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் பதறிப்போனார்.

"இன்னா சார் இது, இவ்ளோ நீளமா?"

"வீணை."

லக்கேஜ் டிக்கெட்டா, முழு டிக்கெட்டா என்று அவர் யோசிப்பதற்குள், கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, கூடையைக் காலடியில் இறக்கிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். "சரஸ்வதி வருது, எடம் உடுங்கப்பா!" என்று முன்னால் நின்றவர்களை வேறு விலக்கினார். கண்டக்டர் தீர்ப்புச் சொன்னார்: "சரி சரி, சாமிக்கு டிக்கெட் வேணாம். உனுக்கு மட்டும் எடு."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, எதிர்பார்த்தபடியே கேட்டார்: "வீணை யாருக்கு சார்? பொண்ணுக்கா?"

"எனக்கு" என்றேன். இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. குனியவும் முடியாது, யாளி முகம் தாடையில் இடித்துக்கொண்டிருந்தது.

பழைய வாத்தியம் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தண்டி வளைந்திருக்கிறதா, குடத்தில் விரிசல் இருக்கிறதா என்றெல்லாம் கட்டாயம் பாருங்கள். அதற்கெல்லாம் ஆசாரி இருக்கிறார், காசு கொடுத்தால் சரிசெய்து தருவார். வாங்குகிறவனிடம் இருக்கும் வளைசலுக்குத்தான் ஆசாரி கிடையாது. ஆறு வாரம், ஒரு டைரி, ஒரு பேனா. பென்சில் வேண்டாம், அழிந்துவிடும்.

இதுவரை இரண்டு தவணை அனுப்பியிருக்கிறேன். முதல் மாசம், 'சரளி வரிசை ஏழு வரை' என்று எழுதினேன். இரண்டாம் மாசம், 'சரளி வரிசை ஏழு வரை, இன்னும் ஒழுங்காக' என்று எழுதினேன். பெங்களூரிலிருந்து 'சரி' என்று ஒரே ஒரு வார்த்தை பதில் வந்தது. வீணையைத் திருப்பிக் கேட்கவில்லை. தரகர் மட்டும் ஜாதகத்தோடு சேர்த்து, 'மாப்பிள்ளை வீணை வாசிப்பார்' என்று சொல்லிவருவதாகக் கேள்வி. பெண் பார்க்கப் போகிற வீட்டில் என்னை வாசிக்கச் சொல்லப்போகிறார்கள்!

நேற்று ராத்திரி ஆபீஸில் லேட். வந்த அலுப்பில் நான்கு வரிசை ஓட்டிவிட்டு வீணை மேல் துணியைப் போர்த்தினேன். புது டாய்லெட்டின் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அங்கே இப்போதெல்லாம் அவள் ரொம்ப நிம்மதியாக, ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏன்டா, அரை மணி நேரம் இன்னும் ஆகலியே! அதுக்குள்ள எடுத்து வெச்சுட்டே?"